கூலண்ட் வெப்பநிலை முரண்டு பிடித்தால்: டொங்கிளா, வெப்பத் துப்பாக்கியா, மல்டிமீற்றரா, கராஜா?

கொழும்பு வீதிகளில் ஓடும் விட்ஸ், அக்குவா, வேகன் ஆர் போன்ற சின்னக் கார்கள் பலவற்றில், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டின் வெப்பநிலையைக் காட்டும் முள்ளே கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, அளவுக்கு மீறிச் சூடேறினால் சிவப்பு விளக்கு. இடையில் என்ன நடக்கிறது என்று சாரதிக்குத் தெரியாது. முள் இருக்கும் கார்களிலும் நிலைமை பெரிதாக மேல் என்றில்லை. சாரதி வீணாகப் பதறக்கூடாதென்று, ஏறத்தாழ 80 பாகையிலிருந்து 105 பாகை வரை முள் நடுவிலேயே நிற்கும்படி பல கம்பனிகள் வைத்திருக்கின்றன. ஆகவே முள் நடுவைத் தாண்டுகிறது என்றால் விஷயம் ஏற்கெனவே முற்றிவிட்டது.

அதனால் மீற்றரோ விளக்கோ வழமைக்கு மாறாக நடந்தால், உண்மையான இலக்கத்தை வேறு வழியால் பார்க்க வேண்டும். கைக்கெட்டிய வழிகள் நான்கு: காரின் கணினியைப் படித்துப் போனில் காட்டும் ஓபிடி டொங்கிள், தொடாமல் அளக்கும் வெப்பத் துப்பாக்கி, மின்தடையை அளக்கும் மல்டிமீற்றர், கராஜில் ஸ்கேனும் பிரஷர் சோதனையும். ஐந்தாவதும் ஒன்று உண்டு. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய் சென்சர், தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து கூலண்டை ரேடியேற்றருக்கு விடும் வால்வு), மூடி, ஃபேன் மோட்டர் என்று ஒவ்வொன்றாக வாங்கி மாற்றிப் பார்ப்பது. இதில் காசு போகிற வேகத்துக்குக் கோளாறு பிடிபடுவதில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒன்றை மட்டும் வாங்குவதென்றால் டொங்கிள். இரண்டு என்றால் கூடவே வெப்பத் துப்பாக்கி. மல்டிமீற்றர் வீட்டில் கிடந்தால் நல்லது, இதற்கென்று ஓடிப்போய் வாங்கத் தேவையில்லை. கூலண்ட் குறைந்துகொண்டே போனால் மட்டும் இந்த மூன்றையும் விட்டுவிட்டு நேரே கராஜ்.

காசு செலவழிக்க முன்

இரவு முழுக்க ஆறிய எஞ்சினில், காலையில் ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது ஒருபோதும் வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் 100 பாகைக் கூலண்ட், மூடி கழன்ற கணத்தில் ஆவியாகி முகத்தில் பாயும். கூலண்ட் கழுத்து வரை நிற்க வேண்டும். பக்கத்துப் போத்தலில் அளவு சரியாக இருக்கிறதே என்று மூடிவிட்டுப் போவதுதான் பலரின் பழக்கம். போத்தல் நிறைந்திருக்க ரேடியேற்றரில் குறைந்திருந்தால் முதல் சந்தேகம் மூடி மேல்தான். சூட்டில் வெளியே தள்ளிய கூலண்டை ஆறும்போது அது திருப்பி இழுக்கவில்லை. காலையில் மேல் குழாய் சப்பையாக ஒட்டிப்போய்க் கிடந்தாலும் காரணம் பெரும்பாலும் அதுவே: மூடியின் வெற்றிட வால்வு ஒட்டிக்கொண்டுவிட்டது.

மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் இருக்கும். மூடி பிடித்து வைக்கும் அழுத்தம் அது, கிலோபாஸ்கலில் என்றால் 88 அல்லது 108. புதியது வாங்கும்போது வாய் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்காமல் இந்த எண்ணையும் பாருங்கள். 1.1 மூடி ஒழுங்காகப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 122 பாகை வரை கொதிக்காது. கூலண்ட் கலவை அதற்கும் மேல் தாங்கும். மூடி அழுத்தத்தை விட்டுவிட்டால் தண்ணீர் 100 பாகையிலேயே கொதிக்கும். இந்த நான்கு வழிகளையும்விட மலிவான பழுது இதுதான்.

ஹைபிரிட் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. அக்குவாவிலும் பிரியஸிலும் இரண்டு கூலண்ட் போத்தல்கள் உண்டு, ஒன்று எஞ்சினுக்கு, மற்றது இன்வேர்ட்டருக்கு. இன்வேர்ட்டர் போத்தலைப் பார்த்து "அளவு சரி" என்று நிம்மதியாக ஓடுபவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, இதைத் தெரியாமல் எஞ்சினையே இழந்தவர்கள் உண்டு. சென்சர் கூலண்டில் மூழ்கியிருக்கும்வரைதான் சரியாகச் சொல்லும். கூலண்ட் கொட்டிப்போய் அதன் நுனி காற்றிலோ ஆவியிலோ நின்றால் இலக்கம் இறங்கலாம், அல்லது ஏறியிறங்கித் தடுமாறலாம். எஞ்சினோ உள்ளே வெந்துகொண்டிருக்கும். அதனால் சிவப்பு வந்து தானாக மறைந்தால் "சரியாகிவிட்டது" என்று ஓட்டத்தைத் தொடர வேண்டாம்.

டொங்கிள்

இஎல்எம்327 வகை புளூடூத் டொங்கிளை ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சொக்கெட்டில் செருகி, டோர்க் அல்லது கார் ஸ்கேனர் போன்ற செயலியைத் திறந்தால் கூலண்ட் வெப்பநிலை பாகைக் கணக்கில் வரும். சந்தையில் கிடக்கும் மலிவுப் பிரதிகள் சில எல்லாக் கார்களோடும் பேசாது. ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்கென்று வந்த பழைய மாடல்களில் இந்தச் சிக்கல் கூட. வாங்கும் கடையிலேயே உங்கள் காரில் செருகிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இதன் பெரிய குறை ஒன்றுதான். எஞ்சின் கணினி நம்புவதைத்தான் டொங்கிளும் சொல்லும். சென்சர் பொய் சொன்னால் அதே பொய்யை அழகான எழுத்தில் போனில் காட்டும். ஆனால் அந்தப் பொய்யைப் பிடிக்கும் வழியும் டொங்கிளிலேயே இருக்கிறது.

கார் இரவு முழுக்க நின்ற பிறகு, காலையில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் இக்னிஷனை மட்டும் ஓன் பண்ணுங்கள். செயலியில் கூலண்ட் வெப்பநிலையையும் எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு சென்சர்கள், ஆனால் விடியற்காலையில் இரண்டும் அதே சூட்டில்தான் இருக்கும். கொழும்பில் அது 25 முதல் 28 பாகை வரை. வித்தியாசம் 5 பாகைக்குள் என்றால் குளிர்ந்த நிலையில் சென்சர் உண்மை பேசுகிறது. காற்று 27, கூலண்ட் 45 என்று காட்டினால் சென்சரையோ வயரையோ சந்தேகியுங்கள். இரண்டே நிமிடச் சோதனை. ஐந்து சதம் செலவில்லை.

−40 என்று காட்டினால் பதற வேண்டாம். இந்த இலக்கம் ஒரே ஒரு பைற்றில் வருகிறது, அதிலிருந்து 40ஐக் கழித்துத்தான் பாகை. ஆகவே −40 என்பது சுழியம், அதாவது சென்சர் இணைப்பு அறுந்திருக்கிறது. அதோடு பி0118 என்ற பழுதுக் கோட் வரும். மாறாக இரண்டு வயர்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் 140 போன்ற எட்டாத உயரம் காட்டும், கோட் பி0117. இரண்டு நிலையிலும் பல கார்கள் பாதுகாப்புக்காக ஃபேனை இடைவிடாமல் ஓடவிடும். "ஃபேன் நிற்கவே இல்லை" என்ற முறைப்பாட்டுக்குப் பின்னால் பல வேளை ஒரு கழன்ற சொக்கெட்தான் இருக்கும்.

அடுத்தது ஓடும்போது வரும் இலக்கங்கள். போனை முன்னிருக்கையில் இருப்பவர் பார்க்கட்டும். செயலியில் பதிவு செய்யும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பார்க்கலாம். ஜப்பான் பெற்றோல் கார் சூடான பிறகு 82 முதல் 98 வரை நிற்பது வழமை. மதிய வெயிலில், ஏசி போட்டு, பேஸ்லைன் வீதி நெரிசலில் 100ஐத் தொட்டு இறங்கினால் கவலையில்லை. 105ஐத் தாண்டினால் ஏசியை நிறுத்துங்கள். 110 என்றால் ஓரம்கட்டுங்கள். அதற்கும் மேல் ஏறினால் எஞ்சினை நிறுத்துங்கள்.

இலக்கம் எவ்வளவு என்பதைவிட எப்படி மாறுகிறது என்பதே நிறையச் சொல்லும். நாலைந்து லீற்றர் கூலண்ட் ஒரு வினாடிக்குள் 30 பாகை ஏறாது, இறங்கவும் மாட்டாது. 90இலிருந்து 128க்குப் பாய்ந்து திரும்ப 91க்கு வந்தால் அது சூடு அல்ல, வயர். ஹெட்லைட் போட்டவுடனோ ஃபேன் ஓடத் தொடங்கியவுடனோ மீற்றர் முள் ஏறினால் எர்த் (காரின் உடலோடு சேரும் வயர்) சரியில்லை.

நெரிசலில் ஏறி, ஓட்டம் பிடித்தவுடன் இறங்கினால் காற்றுப் பக்கம் பாருங்கள்: ஃபேன், ரிலே, அல்லது ரேடியேற்றர் முன் அடைத்த தூசி. இதற்கு ஒரு துணைச் சாட்சி உண்டு. ஏசியின் கண்டென்சரும் ரேடியேற்றரும் ஒரே ஃபேனை நம்பியிருப்பதால், வெள்ளவத்தையில் காலி வீதி சிக்னலில் நிற்கும்போது ஏசி சூடாக அடித்து, ஓடும்போது குளிர்ந்தால் அந்த ஃபேன்தான். ஏசி போட்டிருந்தால் ஃபேன் எப்படியும் ஓடும். அதனால் சூட்டுக்குத் தானாக ஓடுகிறதா என்று சோதிக்கும்போது ஏசியை நிறுத்திவிட்டு, 93 முதல் 98 பாகைக்குள் ஃபேன் தொடங்குகிறதா பாருங்கள்.

எதிர்மாறாக, நகரத்துக்குள் சரியாக இருந்து, கொட்டாவையில் தெற்கு அதிவேக வீதிக்குள் ஏறி 100இல் ஓடத் தொடங்கியதும் வெப்பம் ஏறினால் ஃபேனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த வேகத்தில் காற்று தாராளம். கூலண்ட்தான் போதிய அளவு ஓடவில்லை: ரேடியேற்றரின் உள் அடைப்பு, தேய்ந்த வாட்டர் பம்ப், அல்லது உறிஞ்சலில் ஒடுங்கும் கீழ்க் குழாய். யாழ்ப்பாணப் பக்கம் அடிக்கடி போய்வந்து, சுண்ணாம்புப் பாறைக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேற்றரில் ஊற்றி ஓடிய கார்களில் உள் அடைப்பை முதலில் சந்தேகியுங்கள்.

வெப்பநிலை குறைவாகவே நிற்பது

இதைக் கொழும்பில் யாரும் முறைப்பாடாக எண்ணுவதில்லை. குளிர்நாட்டில் ஹீட்டர் சூடாகாது, உடனே தெரியும். இங்கே ஹீட்டரை யார் போடுகிறார்கள்? நெரிசலில் 80, அதிவேக வீதியில் 65 என்று இறங்கினால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது. கோட் வந்தால் அது பி0128. பெற்றோல் கூடக் குடிக்கும், எஞ்சின் தேய்மானமும் கூடும். ஹைபிரிட்டில் மட்டும் அவசரப்பட வேண்டாம். நெரிசலில் எஞ்சின் அடிக்கடி நிற்பதால் இலக்கம் அறுபதுகளுக்கு இறங்குவது இயல்பு. எஞ்சின் இடைவிடாமல் ஓடும் நீண்ட ஓட்டத்தில் பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

"தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறியுங்கோ அண்ணை, எங்கட நாட்டுச் சூட்டுக்கு அது தேவையில்லை" என்று சொல்லும் கராஜ் பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். பல டொயோட்டா எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு உண்டு. பிரதான வால்வு திறக்கும்போது அது ரேடியேற்றரைச் சுற்றிப் போகும் குறுக்கு வழியை மூடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் அந்தக் குறுக்கு வழி நிரந்தரமாகத் திறந்துவிடும். சூடான கூலண்டில் ஒரு பங்கு ரேடியேற்றருக்கே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பும். காலையில் சூடேறத் தாமதம், மதிய நெரிசலில் அளவுக்கு மீறிய சூடு, இரண்டு கேடும் ஒரே வேலையில். ஃபேனை நேரடியாக சுவிட்சுக்கு இழுப்பதும் இதே ரகம்தான். நடுவழியில் வீடு போய்ச்சேரச் செய்யலாம். நிரந்தரமாக வைத்தால் உண்மையான கோளாறு மறைந்திருந்து வளரும்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது சுலபம். விளிம்பில் 82 போன்ற எண் பொறித்திருக்கும். நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் முட்டாமல் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். டொயோட்டா 1என்இசட் எஞ்சினுக்குரியது 80 முதல் 84 பாகைக்குள் திறக்கத் தொடங்கி, 95இல் குறைந்தது 8.5 மில்லிமீற்றர் உயர வேண்டும். திரும்பப் பூட்டும்போது ஆடும் சின்ன ஊசி மேல்பக்கம் வரவேண்டும், காற்று வெளியேறும் வழி அது. பூட்டி முடிந்ததும் கூலண்டை மெதுவாக ஊற்றி, கீழ்க் குழாயைப் பிசைந்து பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள். உள்ளே தங்கிய காற்றுக் குமிழி சென்சரைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் இலக்கம் ஏறியிறங்கும். நல்ல தெர்மோஸ்டாட்டையே பழுதென்று திருப்பிக் கொடுக்க வைப்பது அதுதான்.

வெப்பத் துப்பாக்கி

டொங்கிள் செய்யாததை இது செய்யும்: காரின் சென்சரை நம்பாமல் தானே அளக்கும். ஆனால் கையாளத் தெரியாவிட்டால் டொங்கிளைவிட மோசமாகப் பொய் சொல்லும். மலிவான துப்பாக்கிகள் ரப்பர், பெயின்ட், பிளாஸ்டிக் போன்ற மங்கலான பரப்புகளுக்கென்று அமைத்தவை. பளபளக்கும் அலுமினிய ஹவுசிங்கில் நேரே பிடித்தால் உண்மையில் 90 இருக்கும் இடத்தில் 50 காட்டினாலும் ஆச்சரியமில்லை. அளக்கும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டை ஒட்டி, அந்த டேப்பைக் குறிவையுங்கள். 12க்கு 1 என்று எழுதியிருக்கும் துப்பாக்கி, 12 அங்குலத் தூரத்தில் 1 அங்குல வட்டத்தை அளக்கும். தள்ளி நின்றால் பக்கத்துச் சூடும் சேர்ந்துவிடும். சிவப்பு லேசர் புள்ளி குறிபார்க்கத்தான், அளப்பது அது அல்ல.

சென்சருக்குப் பக்கத்தில் ஒட்டிய டேப், செயலி சொல்வதைவிட 5 முதல் 10 பாகை குறைவாகக் காட்டினால் இரண்டும் ஒத்துப்போகின்றன என்று எடுங்கள். செயலி 112 என்று அலற டேப் 84 என்றால் சென்சர் பக்கம் பழுது. டேப்பும் 105 என்றால் எஞ்சின் உண்மையாகவே சூடு, சென்சரை மாற்றுவது வீண்.

அடுத்து மேல் குழாயையும் கீழ்க் குழாயையும் அளவுங்கள். நன்றாகச் சூடான எஞ்சினில் மேல் குழாய் 90ஐ நெருங்கியும் கீழ்க் குழாய் கை வைக்கக்கூடிய சூட்டிலேயே நின்றால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை அல்லது ரேடியேற்றர் அடைத்திருக்கிறது. ரேடியேற்றரின் முகத்தில் அங்கங்கே குளிர்ந்த திட்டுக்கள் தெரிந்தால் அடைப்புத்தான். இதை அளக்கும்போது சாவியைக் கழற்றி வைத்திருங்கள், ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றத் தொடங்கும்.

மல்டிமீற்றர்

சென்சரா வயரா என்ற ஒரே கேள்விக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. மற்ற எதற்கும் உதவாது. டொயோட்டாவில் வரும் டென்சோ சென்சர் 20 பாகையில் ஏறத்தாழ 2.3 முதல் 2.6 கிலோஓம், 80 பாகையில் 0.32 கிலோஓம் அளவில் காட்டும். சூடு ஏற ஏற ஓம் இறங்க வேண்டும், இடையில் துள்ளக்கூடாது. கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் பிடித்தும் பார்க்கலாம். கொழும்பு கடல்மட்டம் என்பதால் கொதிநீர் 100 பாகைதான், நுவரெலியாவில் செய்தால் 94 பாகை என்று கணக்கெடுங்கள்.

டொங்கிள் கையில் இருந்தால் மல்டிமீற்றர் இல்லாமலே பாதி வேலை முடியும். சென்சர் சொக்கெட்டைக் கழற்றினால் செயலி −40க்குப் போக வேண்டும். சொக்கெட்டின் இரண்டு பின்களையும் சின்ன வயரால் இணைத்தால் உச்சத்துக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் கணினியும் நலம், பழுது சென்சரில். இது இரண்டு பின் உள்ள சென்சருக்கு மட்டும். 90களின் கார்கள் பலவற்றில் மீற்றருக்கு ஒற்றை வயர் சென்சர், கணினிக்கு இரண்டு வயர் சென்சர், ஃபேனுக்குத் தனி சுவிட்ச் என்று மூன்று இருக்கும். அவற்றில் மீற்றர் ஒன்று சொல்லிக் கணினி வேறொன்று சொல்வது சாதாரணம். கணினி சென்சரை மாற்றினால் முள் திருந்தாது.

கராஜ்

2020இல் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் இருந்த கார்களையே இழுத்துப் பிடித்து ஓட்டியதால், பத்துப் பன்னிரண்டு வயதுக் கார்களில் சென்சரைத் தாண்டிய கோளாறுகளும் வரும். பிரியஸ் மூன்றாம் தலைமுறையிலும் அக்குவாவிலும் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. பி261பி கோட் வந்தால் அது பம்பைச் சுட்டும், அதன் வேகத்தைப் பார்க்க டொயோட்டாவுக்கென்ற ஸ்கேனர் நல்லது. அந்தக் கோட் வந்த பிறகு "மெதுவாக ஓட்டிப் போகலாம்" என்று நினைக்காமல் இழுத்துக்கொண்டு போங்கள்.

கராஜுக்குப் போகும்போது "சூடாகுது" என்று மட்டும் சொல்லாமல், எந்த நிலையில், எந்த இலக்கத்திலிருந்து எந்த இலக்கத்துக்கு, எவ்வளவு நேரத்தில் என்று எழுதிக் கொடுங்கள். பிரஷர் சோதனை கேட்டு வாங்குங்கள்: மூடியில் உள்ள அழுத்தம் வரை பம்ப் பண்ணி, பதினைந்து நிமிடம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று கூடவே நின்று பாருங்கள். இறங்கியும் வெளியே ஒரு சொட்டும் இல்லையென்றால், அல்லது காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது எஞ்சின் சில வினாடிகள் உதறி ஓடினால், எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கஸ்கெட்டின் சோதனையும் தேவை. ரேடியேற்றர் வாயில் நீல நிறத் திரவக் குழாயை வைத்து எஞ்சினை ஓடவிடுவார்கள், எரிந்த வாயு கூலண்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். மஞ்சளானால் சென்சர், தெர்மோஸ்டாட் பேச்சை அத்தோடு விட்டுவிட்டு, ஹெட்டைக் கழற்றி அது வளைந்திருக்கிறதா என்று தளம் பார்க்கும் செலவையும் சேர்த்து விலை கேளுங்கள். ஓட்டையடைக்கும் பவுடரை ஊற்றச் சொன்னால் ஊற்ற விடாதீர்கள். அது ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களைத்தான் முதலில் அடைக்கும்.